வாய் திறக்காதது என் குற்றமா?

வாசகர் கடிதம்:

"ஐயா, நான் பல வருடங்களாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். இந்த வருடம் ஒவ்வொரு விசுவாசியும் ஓர் ஆத்துமாவையாவது கொண்டுவர வேண்டும் என்று எங்கள் சபையில் சொல்லி, ஆளுக்கொரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். என் படிவத்தில் பெயர் எழுதும் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. போன மாதம் ஒரு முதிய நோயாளியின் தலையணைக்கு அடியில் இயேசுவைப் பற்றிய கைப்பிரதி ஒன்றை வைத்தேன். அவருடைய மகன் அதைப் பார்த்துவிட்டுப் புகார் செய்தார். மேலதிகாரி கூப்பிட்டு எச்சரித்தார். சில நாளில் அந்த முதியவர் இறந்துபோனார். 'இரத்தப்பழியை உன் கையிலே கேட்பேன்' என்ற வசனம் அன்றிலிருந்து என்னைத் தூங்கவிடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. என்னோடு இரவு டியூட்டி பார்க்கும் தோழி வேறு மதத்தைச் சேர்ந்தவர். கணவர் விட்டுப்போய்விட்டதால் பிள்ளையோடு தனியாகக் கஷ்டப்படுகிறார். ஒரு ராத்திரி அவராகவே, 'உங்க அப்பா போனப்ப நீங்க எப்படித் தாங்குனீங்க?' என்று கேட்டார். 'காலந்தான் ஆத்தும்' என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டைப் பார்க்கப் போய்விட்டேன். இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. நான் சின்ன வயதிலிருந்தே அதிகம் பேசாதவள். சுவிசேஷம் சொல்கிற அழைப்பே எனக்கு இல்லையா? அல்லது நான் கீழ்ப்படியாதவளா?"

அன்புள்ள சகோதரிக்கு,

தூக்கத்தைக் கெடுக்கிற வசனத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அது எசேக்கியேல் புத்தகத்தில் 3ஆம் அதிகாரத்திலும் 33ஆம் அதிகாரத்திலும் வருகிறது. பாபிலோனில் சிறைப்பட்டிருந்த ஜனங்கள் நடுவில் எசேக்கியேலைக் கர்த்தர் "இஸ்ரவேல் வம்சத்துக்குக் காவலாளனாக" வைக்கிறார். வரப்போகிற நியாயத்தீர்ப்பைப் பற்றி அவனுக்கு நேரடியாக ஒரு செய்தி கொடுக்கப்படுகிறது. அதைச் சொல்லாமல் மறைத்தால்தான் பழி. பவுலும் எபேசு சபையின் மூப்பர்களிடம் விடைபெறும்போது, எல்லாருடைய இரத்தப்பழிக்கும் நீங்கித் தான் சுத்தமாயிருப்பதாகச் சொல்கிறார். எனவே அந்த வசனத்துக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தான் சுத்தமாயிருப்பதாகச் சொன்ன பவுல் யார் என்று பாருங்கள். மூன்று வருடம் இரவும் பகலும் அந்த ஊரில் உபதேசம் பண்ணிய அப்போஸ்தலன். மருந்து கொடுக்கவும் படுக்கை மாற்றவும் வந்த ஒரு நர்ஸின் தோளில், நாலு நாள் பழக்கமான நோயாளியின் நித்தியத்தை முழுசாகத் தூக்கி வைப்பதற்கு அந்த வசனம் இடம் தரவில்லை.

அந்த முதியவர் உங்கள் வார்டுக்கு வருவதற்கு முன் எத்தனை வருடம் வாழ்ந்திருப்பார்! அந்தக் காலத்தில் யார் மூலமாக என்ன கேட்டார், கடைசி மணி நேரத்தில் அவர் உள்ளத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சிலுவையில் தொங்கிய கள்வன் இரட்சிக்கப்பட்டதைப் பக்கத்தில் நின்றவர்களில் எத்தனை பேர் புரிந்துகொண்டிருப்பார்கள்? ஆத்துமாக்களின் கணக்குப் புத்தகம் நம் கையில் இல்லை. அவரை அவருடைய சிருஷ்டிகரின் கையில் விட்டுவிடுங்கள். இன்று இரவு படுக்கும்முன் அவர் பெயரைச் சொல்லி ஒரு தடவை ஜெபித்து, அந்த விஷயத்தை அங்கேயே இறக்கி வையுங்கள்.

இப்போது கசப்பான பகுதி. தலையணைக்கடியில் கைப்பிரதி வைத்ததை நான் ஆதரிக்கவில்லை. புகார் வந்துவிட்டதே என்பதற்காக இதைச் சொல்லவில்லை. புகார் வராமல் போயிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். படுக்கையில் கிடக்கிறவர் எழுந்து போக முடியாது. உங்கள் தயவு அவருக்கு வேண்டும். ஊசி போடுகிற கை உங்களுடையது. "வேண்டாம்மா" என்று சொல்ல அவருக்கு மனம் வருமா? வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் இருப்பவரிடம் கொடுக்கப்படும் சுவிசேஷம், கொடுப்பவரின் நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வாங்குபவருக்கு நெருக்கடியாகத்தான் படும். அதிலும் அவர் கேட்காமல், அவருக்கே தெரியாமல் வைத்திருக்கிறீர்கள். ஐசுவரியமுள்ள வாலிபன் துக்கத்தோடு திரும்பிப் போனபோது இயேசு அவனைத் துரத்திப் பிடிக்கவில்லை. அவனிடத்தில் அன்புகூர்ந்தார், போக விட்டார். திரும்பிப் போகிற சுதந்திரம் இல்லாத இடத்தில் நாம் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடல் திருப்பேரவையும், உலக சுவிசேஷக் கூட்டமைப்பும் சேர்ந்து, பல சமயத்தார் வாழும் உலகில் கிறிஸ்தவச் சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு சிறிய ஆவணம் வெளியிட்டன. பல விஷயங்களில் ஒத்துப்போகாத இந்த மூன்று அமைப்புகளும் ஒரே தாளில் உடன்பட்டதே பெரிய சங்கதி. ஏமாற்றும் வழிகளையும் வற்புறுத்தும் வழிகளையும் கையில் எடுப்பவர்கள் சுவிசேஷத்துக்கே துரோகம் செய்கிறார்கள் என்று அது சொல்கிறது. குணமாக்கும் ஊழியம் பற்றிப் பேசும் இடத்தில், மக்களின் பலவீன நிலையையும், குணமடைய வேண்டும் என்ற அவர்களுடைய தவிப்பையும் சுரண்டிவிடக் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறது. தொழில் விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. பிரிட்டனில் செவிலியர்களுக்கான நடத்தை நெறியில், தங்கள் சொந்த மத, அரசியல் நம்பிக்கைகளைத் தகாத விதத்தில் பிறரிடம் வெளிப்படுத்தக் கூடாது என்ற வரி இருக்கிறது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளியே "எனக்காக ஜெபம் பண்ணுவீங்களா?" என்று கேட்டால் அது வேறு விஷயம். அப்போதும் விதி அனுமதித்தால் சுருக்கமாக ஜெபியுங்கள். மருத்துவமனையில் அதற்கென்று ஆன்மிகப் பணியாளர் இருந்தால் அவருக்குச் சொல்லி அனுப்புங்கள். மற்றபடி, வலியில்லாமல் ஊசி போடுவதும், கூப்பிட்ட குரலுக்கு முகம் சுளிக்காமல் வருவதும்தான் வார்டில் உங்கள் ஊழியம்.

மேலதிகாரியிடம் போய், "நான் செய்தது சரியில்லை, இனி நடக்காது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். விசுவாசத்தை மறுதலித்ததாக அது ஆகாது. சொல்லப்போனால், கிறிஸ்தவர்கள் தப்பை ஒத்துக்கொள்வார்கள் என்பதை அவர் பார்க்கட்டும்.

படிவம் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் போதகரின் வாஞ்சை எனக்குப் புரிகிறது. சபைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும் சபையைத் தட்டி எழுப்ப ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் வரும். நெருக்கடியில் இருக்கிறவன் எதிரில் இருப்பவரைப் பார்க்க மாட்டான். காலியான கட்டத்தைத்தான் பார்ப்பான். நீங்கள் தலையணைக்கடியில் கைவைத்ததே அந்தக் கட்டத்தை நினைத்துத்தானோ என்று எனக்குச் சந்தேகம். கொரிந்துவில் யாரால் விசுவாசிகள் வந்தார்கள் என்று ஆளாளுக்குக் கட்சி கட்டியபோது பவுல் எழுதினார்: "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்." மேலே சொன்ன 2011 ஆவணமும், சாட்சி சொல்வது கிறிஸ்தவர்களின் பொறுப்பு, மனமாற்றம் முடிவில் பரிசுத்த ஆவியானவரின் கிரியை என்றே சொல்கிறது. 1793இல் இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரி, முதல் இந்திய விசுவாசிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில். இடையில் ஏழு வருடம். வருடாந்தரப் படிவம் கொடுத்திருந்தால் அவர் ஆறு தடவை வெறுந்தாளைத்தான் திருப்பிக் கொடுத்திருப்பார். இதைச் சபை நடுவில் விவாதமாக்காதீர்கள். தனியாகப் போய், "பெயர் எழுத என்னிடம் ஒன்றுமில்லை ஐயா, ஜெபிக்கச் சில பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காக நீங்களும் ஜெபியுங்கள்" என்று சொல்லுங்கள். நல்ல மேய்ப்பராக இருந்தால் அது அவருக்குப் போதும்.

இனி உங்கள் நிஜமான கேள்விக்கு வருகிறேன். "எனக்கு அழைப்பே இல்லையா?"

இருக்கிறது. அதில் தப்பிக்க வழி இல்லை. கேரியின் காலத்தில், சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்ற மத்தேயு 28ஆம் அதிகாரக் கட்டளை அப்போஸ்தலரோடு முடிந்துவிட்டது என்று வாதாடிய கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 1792இல் அவர் எழுதிய சிறு புத்தகம் அதை மறுத்தது. அவருடைய வாதம் எளிமையானது: கட்டளை அவர்களோடு முடிந்தது என்றால், "உலகத்தின் முடிவுபரியந்தம்" கூட இருப்பேன் என்ற வாக்குத்தத்தமும் அவர்களோடு முடிந்திருக்க வேண்டுமே! வாக்குத்தத்தம் மட்டும் வேண்டும், கட்டளை வேண்டாம் என்றால் எப்படி?

அப்போஸ்தலருடைய நடபடிகள் 8ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஸ்தேவான் கொல்லப்பட்ட பின் எருசலேம் சபைக்குத் துன்பம் வருகிறது. அப்போஸ்தலர் தவிர மற்ற எல்லோரும் சிதறிப்போனார்கள் என்று முதல் வசனம் சொல்கிறது. அந்தச் சிதறிப்போனவர்கள்தான் எங்கும் திரிந்து வசனத்தைச் சொன்னார்கள் என்று நாலாம் வசனம். பிரசங்க மேடைக்குரியவர்கள் எருசலேமில் இருக்கிறார்கள். வீடு வாசலை இழந்து ஓடியவர்கள் வாயில் சுவிசேஷம் இருக்கிறது. 11ஆம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் கிரேக்கரிடம் முதலில் பேசியவர்கள் சீப்புரு தீவையும் சிரேனே பட்டணத்தையும் சேர்ந்த "சிலர்". அவர்கள் பெயர்கூடப் பதிவாகவில்லை. சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதல்முதலில் வழங்கியது அந்தச் சபையில்தான். நூறு வருடத்துக்கும் மேல் கழிந்து, இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற தத்துவவாதி கிறிஸ்தவர்களைக் கேலி செய்து எழுதினார். கம்பளி வேலை செய்கிறவர்களும், செருப்புத் தைக்கிறவர்களும், துணி வெளுக்கிறவர்களும் வீடுகளுக்குள் உட்கார்ந்து இதைப் பரப்புகிறார்களே என்பது அவருடைய எரிச்சல். ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் அவருக்குப் பதில் எழுதியதால்தான் அந்தக் கேலி நமக்குக் கிடைத்திருக்கிறது. எதிரியின் வாயிலிருந்து வந்த சாட்சி என்பதால் எனக்கு அதன் மேல் தனி மதிப்பு.

ஆகவே நீங்கள் விலக்குப் பெற்றவர் அல்ல. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி பேச வேண்டும் என்று எங்கேயும் இல்லை. எபேசியர் 4:11 சிலரைச் சுவிசேஷகராக ஏற்படுத்தினார் என்கிறது. சிலரை, எல்லோரையும் அல்ல. கொலோசெயர் 4ஆம் அதிகாரத்தில் பவுல் தனக்காகக் கேட்பது, வசனம் செல்லும்படி வாசல் திறக்க வேண்டும், தான் பேச வேண்டியபடி பேச வேண்டும் என்று. கொலோசே சபையாருக்குச் சொல்வது வேறு: ஞானமாய் நடந்துகொள்ளுங்கள், "அவனவனுக்கு இன்னின்னபடி உத்தரவுசொல்லவேண்டுமென்று" அறிந்திருங்கள். அவர் பேசப் போகிறவர். இவர்கள் பதில் சொல்ல வேண்டியவர்கள். பேதுருவும் தன் முதல் நிருபத்தில், விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்கிறார். அதிகம் பேசாதவர்களுக்கு இது நல்ல செய்தி. நீங்கள் தெருமுனையில் நிற்க வேண்டாம். கேட்கிறவருக்குப் பதில் சொல்லுங்கள். ஆளைப் பார்த்து, அவருடைய கேள்வியைப் பார்த்து.

அப்படிப் பார்த்தால், சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கைப்பிரதி அல்ல. கேட்காதவரிடம் கொடுத்தீர்கள், கேட்டவரிடம் மறைத்தீர்கள். உங்கள் தோழி கேட்ட கேள்வியைப் பாருங்கள். எத்தனை நாள் உங்களைக் கவனித்திருந்தால், அந்த ராத்திரியில் அதைக் கேட்டிருப்பார்? பேதுரு சொன்ன "விசாரித்துக் கேட்கிற" ஆள் அவர்தான். நீங்கள் வாயடைத்துப் போனதற்குக் கூச்சம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. சுவிசேஷம் சொல்வது என்றால் பிரசங்கம் போல, சிருஷ்டிப்பில் ஆரம்பித்து, நாலு வசனம் சொல்லி, கடைசியில் ஜெபத்துக்கு அழைப்பது என்று உங்கள் மனதில் பதிந்திருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு, இரண்டு பெட்டுக்கு நடுவில் அதையெல்லாம் சொல்ல முடியாது. அதனால் ஒன்றுமே சொல்லவில்லை.

வேதத்தில் முதல் தடவை சாட்சி சொன்னவர்கள் எவ்வளவு கொஞ்சமாகச் சொன்னார்கள் என்று பாருங்கள். பிறவிக்குருடன் சொன்னது: தான் குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், அந்த ஒன்றுதான் தனக்குத் தெரியும். மற்றக் கேள்விகளுக்கு அவனிடம் பதில் இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. சமாரியப் பெண் சொன்னது ஓர் அழைப்பும் ஒரு கேள்வியும்தான்: வந்து பாருங்கள், "அவர் கிறிஸ்துதானோ?" லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பிடித்திருந்து, இயேசுவால் விடுதலையானவன் இயேசுவோடேயே வந்துவிடுகிறேன் என்று கெஞ்சுகிறான். அவர் சம்மதிக்கவில்லை. உன் வீட்டுக்குப் போ, கர்த்தர் உனக்கு இரங்கிச் செய்ததை உன் இனத்தாருக்குச் சொல் என்று அனுப்புகிறார். பயிற்சி கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. தனக்கு நடந்ததை, தன்னைத் தெரிந்தவர்களிடம் சொன்னால் போதும்.

அந்தக் கேள்விக்கு இப்போதும் பதில் சொல்லலாம். நேரம் கடந்துவிடவில்லை. அடுத்த முறை இருவரும் சேர்ந்து டியூட்டியில் இருக்கும்போது, வேலை ஓய்ந்த நேரமாகப் பார்த்து, இப்படி ஆரம்பியுங்கள். வார்த்தைகளை உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்:

"அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்க, ஞாபகம் இருக்கா? அப்பா போனப்ப எப்படித் தாங்குனேன்னு. காலந்தான் ஆத்தும்னு சொல்லிட்டுப் போயிட்டேன். அது பாதி பதில்தான். எனக்கு இயேசு மேல நம்பிக்கை உண்டு. அப்பா போன வாரம் எனக்கு ஜெபம்கூட வரல, அழுகைதான் வந்துச்சு. ஆனாலும் அவர் கூடவே இருக்கார்ங்கறது எப்படியோ தெரிஞ்சுச்சு. அதை உங்ககிட்ட சொல்லாம விட்டது மனசுல இருந்துக்கிட்டே இருந்துச்சு. அதான் சொன்னேன்."

ஜெபம் வராததையும் அழுததையும் ஏன் சேர்த்திருக்கிறேன் என்று நினைக்கலாம். நீங்கள் கடிதத்தில் அப்படி எழுதவில்லை. உங்கள் அனுபவம் வேறாக இருந்தால் அதைச் சொல்லுங்கள். எதுவானாலும் மெருகு பூசாமல் சொல்லுங்கள் என்பதற்காகத்தான் இந்த மாதிரி. இடிந்துபோயிருக்கிற ஒரு பெண்ணிடம் போய், "எனக்கு ஒரு கவலையும் இல்லை, சமாதானம் நதி போலப் பாய்கிறது" என்றால், அவர் மனதுக்குள் ஒரு படி தள்ளி உட்கார்ந்துவிடுவார். சபைக்குள் பேசுகிற பாஷையையும் வெளியே விட்டுவிட்டுப் போங்கள். "இரத்தத்தினால் கழுவப்பட்டேன்" என்று மருத்துவமனையில் சொன்னால், கேட்கிற நர்ஸ் என்னவென்று நினைப்பார், சொல்லுங்கள்!

இதில் சிலுவை எங்கே, பாவமன்னிப்பு எங்கே என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உங்கள் அனுபவம் சுவிசேஷத்தின் வாசல், வீடு அல்ல. கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்பதுதான் தான் அறிவித்த சுவிசேஷம் என்று பவுல் 1 கொரிந்தியர் 15இல் எழுதுகிறார். இதை நாலு வரியில், சாதாரணப் பேச்சில் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடவுளை விட்டு விலகிப்போன நம்மைத் தேடி இயேசு வந்தார்; நாம் செய்த பாவத்தை அவர் சுமந்து சிலுவையில் மரித்தார்; உயிரோடு எழுந்தார்; அவரை நம்பித் திரும்புகிற யாரையும் மன்னித்துச் சேர்த்துக்கொள்கிறார். வீட்டில் ஒரு தாளில் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிப் பாருங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. பயத்தில் பாதி, வார்த்தை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்தான். ஆனால் இதை எப்போது சொல்வது? அவர் இரண்டாவது கேள்வி கேட்கும்போது. முதல் கேள்விக்கு மூன்றாவது கேள்வியின் பதிலையும் சேர்த்துக் கொட்டாதீர்கள்.

"நான் வாழ்ந்து காட்டினால் போதாதா?" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். "எப்போதும் சுவிசேஷத்தை அறிவியுங்கள், தேவைப்பட்டால் வார்த்தைகளையும் பயன்படுத்துங்கள்" என்று அசிசி பிரான்சிஸ் சொன்னதாக ஒரு வாசகம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. 1226இல் இறந்த அவருடைய எழுத்துகளிலோ, அவரைப் பற்றிய பழைய சரித்திரங்களிலோ அது இல்லை. மாறாக, அவர் ஊர் ஊராகப் போய் வாயால் பிரசங்கித்தவர். வாழ்க்கை இல்லாத வார்த்தை வெறும் சத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உங்கள் தோழி அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியது, நீங்கள் நல்லவர் என்பதைத்தான். இயேசுவின் பெயரை யாராவது சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? பேதுரு மனைவிகளிடம், வசனத்துக்குக் கீழ்ப்படியாத கணவர்களைப் பேச்சில்லாமல் நடக்கையினாலே ஆதாயப்படுத்தலாம் என்று எழுதியது உண்மைதான். அந்தக் கணவர்கள் வசனத்தை ஏற்கெனவே கேட்டு மறுத்தவர்கள். உங்கள் தோழி இன்னும் கேட்கவே இல்லை.

கடைசியாக, அவர் என்ன சொல்வார் என்ற பயம். பெரும்பாலும் ஒன்றும் பெரிதாக நடக்காது. "அப்படியா" என்பார். அல்லது, "எங்க சாமியும் அப்படித்தான்" என்பார். அப்போது வாதாட வேண்டாம். அவர் எப்படி ஜெபிக்கிறார், எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கேளுங்கள், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேளுங்கள். நாம் சொல்வதை அவர் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் அவர் சொல்வதையும் கேட்க வேண்டும். "இந்தப் பேச்சு வேண்டாமே" என்றால், "சரி" என்று சொல்லி அத்தோடு விட்டுவிடுங்கள். அதற்கு அப்புறம் அவராகக் கேட்காமல் எடுக்காதீர்கள். "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றால் அங்கேயே, அவர் பெயரையும் பிள்ளையின் பெயரையும் சொல்லி, ஒரு நிமிடத்துக்குள் ஜெபித்து முடியுங்கள். சபைக்கு வரச் சொல்லி அன்றைக்கே கூப்பிட வேண்டாம்.

இவற்றில் எது நடந்தாலும், அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டியூட்டி மாற்றிக்கொடுக்கக் கேட்டால், உங்களால் முடிந்தால் மாற்றிக்கொடுங்கள். அந்தத் தயவுக்கும் படிவத்துக்கும் சம்பந்தம் வைக்காதீர்கள்.